கனடா ஹீட்டரும் கிளியூர் மாவும்

1. இறக்கம்

ஏற்காட்டில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அதை எப்போதும் இறக்கத்தைப் பார்த்தபடிதான் நிறுத்துவார்கள். சமதளத்தில் ஒரு ஜீப் நின்றால் அது வெளியூர் வண்டி என்று நினைத்துக்கொள்ளலாம். காலையில் ஹேண்ட் பிரேக்கை விட்டு உருட்ட வேண்டியது, வேகம் பிடித்ததும் செகண்ட் கியரில் கிளட்சை விட வேண்டியது. என்ஜின் இரண்டு உதறு உதறி, கரும்புகையைக் கக்கி, எழுந்துகொள்ளும். செல்ஃப் மோட்டார் என்று ஒன்று இருப்பது மலை டிரைவர்களுக்கு எஃப்.சி. காட்டும் நாளில் மட்டும் நினைவு வரும்.

டவுனிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். இப்போது மகன் பார்க்கிறான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குறை சொல்கிறேன். மலையில் தொழில் பழக வரும் தம்பிகளுக்கு உதவுமே என்று என் டைரிகளைப் புரட்டிச் சிலவற்றை எழுதிவருகிறேன். தினமும் காலை தொழுகை முடிந்ததும் கதவில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுவது என் வழக்கம். இங்கே சொல்லப்போகிற மார்கழியில் அது பத்துக்குக் கீழே இறங்கிய காலைகள் உண்டு. ஒவ்வொரு காலையையும் இங்கே எழுதினால் மகனே படிக்க மாட்டான் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் கடையை மகனிடம் ஒப்படைப்பதற்கு முந்தின மார்கழி அது. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய பங்களாவை ரேவதி அம்மா ஹோம்ஸ்டேயாக மாற்றி நடத்திவந்தார். எஸ்டேட் ஜீப்புக்கு டிரைவர் குப்புசாமி. வாழவந்திக்காரர், எல்லோருக்கும் குப்பண்ணன். ஜீப்பை அவர் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நிறுத்துவார். விடிகாலையில் அங்கிருந்து உருட்டினால் விருந்தினர் அறை ஜன்னல்களுக்கு நேர் கீழே வரும்போது என்ஜின் பிடிக்கும். இத்தனை வருஷம் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் காப்பி மூட்டைகள் தூங்கின. அவை புகார் எழுதுவதில்லை.

“கெஸ்ட்டுங்க தூங்கவே முடியலைன்னு எழுதறாங்க பாய்” என்றார் ரேவதி அம்மா. “ஒருத்தர், ஜன்னலுக்கு வெளியே யானை தும்முதுன்னு எழுதியிருக்காரு. போர்ட்டிகோவுல நிறுத்தி, அங்கேயே சத்தமில்லாம ஸ்டார்ட் பண்ணணும். முடியுமா?”

குப்பண்ணன் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“சத்தமில்லாம வண்டி எடுக்கோணுமாம். இது வண்டிங்களா, பூனைங்களா?”

அந்த என்ஜின் பழைய டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசல். உள்ளே ஹீட்டர் பிளக் கிடையாது. கம்ப்ரஷன் குறைந்துவிட்டது. குளிர்ந்த காலையில் எவ்வளவு கிராங்க் செய்தாலும் டீசல் பற்றிக்கொள்கிற சூடு சிலிண்டருக்குள் வராது. முறையான வைத்தியம், என்ஜினை இறக்கிப் பிரித்து லைனர், ரிங் மாற்றுவது. ஆனால் காப்பிப் பழம் பறிக்கிற பருவம். ஜீப் இல்லாமல் எஸ்டேட் ஒரு நாளும் ஓடாது.

அப்போதுதான் கனடாவில் இருக்கும் ரேவதி அம்மாவின் தம்பி ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே இருந்தது என்ஜின் பிளாக் ஹீட்டர்.

2. மாட்டியது

இதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் தகரக் கிண்ணம்போல வட்ட மூடிகள் அடித்துப் பொருத்தியிருக்கும். கோர் பிளக் என்பார்கள். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஹீட்டரைச் செருகினால், அதன் வளைந்த கம்பி உள்ளே என்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் தண்ணீரில் முங்கி நிற்கும். வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கிறோமே, அந்த ஹீட்டருக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. வயரைக் கரண்ட்டில் மாட்டினால் கூலன்ட் சூடாகி, பிளாக்கே வெதுவெதுப்பாகிவிடும். என்ஜின் தூங்கி எழுந்ததுபோல் இல்லாமல் இப்போதுதான் நிறுத்தியதுபோல் ஸ்டார்ட் ஆகும்.

பனிப் பிரதேசப் பயணங்கள் பற்றிப் படிப்பதில் எனக்கு ஆசை உண்டு. அங்கே மூக்கு விறைக்கிற குளிரில் வண்டிகளை இப்படி வயரில் கட்டிப்போட்டிருப்பார்கள் என்று தெரியும். ஏற்காட்டில் ஒன்றை என் கையால் மாட்டுவேன் என்று நினைத்ததில்லை. இரண்டு நாள் அந்த வழிமுறைத் தாளையே படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சிக்கல், அது 120 வோல்ட் சாமான். நம் லைன் 230. நேராகச் செருகியிருந்தால் சில நிமிஷத்தில் கருகியிருக்கும்.

“கனடாக்காரங்க கரண்ட்டுலயும் கஞ்சமுங்களா?” என்றார் குப்பண்ணன்.

சேலத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, போர்ட்டிகோ சுவரில் பெட்டிக்குள் வைத்து, எர்த் இழுத்தேன். இரண்டாவது சிக்கல், ஹீட்டரின் வாய் நம் என்ஜின் ஓட்டையைவிடச் சிறியது. இடைவெளியை அடைக்க, செவ்வாய்ப்பேட்டை லேத்தில் ஒரு பித்தளை வளையம், புஷ் என்போம், கடைந்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். என்ஜின் முழுக்க ஆறியபின் கூலன்ட்டை வடித்தேன். கோர் பிளக்கின் ஒரு ஓரத்தில் பன்ச் வைத்துத் தட்டினால் அந்த ஓரம் உள்ளே போய் எதிர் ஓரம் வெளியே திரும்பும், கட்டிங் பிளேயரால் இழுத்துவிடலாம். நடுவில் அடித்தால் உள்ளே விழுந்துவிடும், அப்புறம் அது என்ஜினுக்குள்ளேயே குடியிருக்கும். உட்காரும் இடத்தை எமரித் தாளால் தேய்த்து, ஓ ரிங்குக்குக் கிரீஸ் தடவி, கம்பி பிளாக்கின் சுவரைத் தொடாதபடி திருப்பிவைத்து முறுக்கினேன். வயரை ஃபேனுக்கும், என்ஜின் புகையை வெளியேற்றித் தகதகவென்று சுடுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் எட்டாமல் கட்டி, பிளக் முனையை முன் கிரில்லில் வெளியே விட்டேன். கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஸ்விட்ச். கூலன்ட் இல்லாமல் போட்டால் ஹீட்டர் அப்போதே போய்விடும். தம்பிகள் இந்த ஒரு வரியையாவது மறக்க வேண்டாம்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது டீ கொண்டுவந்தார் சரோஜா. பங்களாவின் சமையல் அவர்தான். கிளியூரிலிருந்து விடிகாலைப் பால் வண்டியில் வந்து, சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவார். அன்றைக்கு முகம் சரியில்லை.

“என்னங்க அக்கா?”

“மாவு பொங்க மாட்டேங்குதுங்க பாயண்ணா. கம்பளி சுத்தி அடுப்போரம் வெச்சேன். வெந்நித் தண்ணிக்குள்ள எறக்கி வெச்சேன். பச்ச மொளகாக் காம்பு கிள்ளிப் போட்டேன். ஒண்ணுக்கும் மசியல. அரச்சு வெச்சது அரச்சு வெச்ச மேனிக்கே இருக்குது.”

“நேத்து ரெண்டு இட்லிய நாய்க்குப் போட்டேன் பாய்” என்றார் குப்பண்ணன். “அது கவ்விக்கிட்டுப் போயிப் பொதச்சு வெச்சிருச்சு. எலும்புன்னு நெனச்சிருச்சாட்ட இருக்குது.”

“நீங்க பேசாதீங்ணா. உங்க வண்டியும் எம் மாவும் ஒண்ணுதான். ரெண்டும் காலைல எந்திரிக்க மாட்டேங்குது. உங்க வண்டிக்குக் கனடாவுல இருந்து மருந்து வருது, எம் மாவுக்கு எவன் அனுப்பறான்?”

விஷயம் விளையாட்டில்லை என்று அவர் சொல்லச் சொல்லத் தெரிந்தது. மார்கழி மூன்றாவது வாரம் புதன்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. குடும்பத் தலைவருக்கு அறுபதாவது பிறந்த நாள். காலை டிபனுக்கு இட்லிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கும் இட்லி கல்லாக இருந்தால், இனிமேல் காலை டிபனை டவுன் ஓட்டலிலிருந்து வரவழைத்துக்கொள்வதாக ரேவதி அம்மா சொல்லியிருக்கிறார்.

“டிபனு போச்சுன்னா எனக்கு இங்க என்னங்க வேல? மத்தியானம் பாதிப் பேரு வெளிய சாப்பிட்டுக்கறாங்க. பாத்திரம் கழுவ ஆளு இருக்குது. அப்பறம் கிளியூர்லயே இருந்துக்கோன்னு சொல்ல எத்தன நாளாகும்?”

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. இரக்கம் வந்தால் நான் பாடம் நடத்துவேன். மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவற்றுக்கு முப்பது டிகிரி சுமார் வேண்டும், அடுப்போரம் கொதிக்கிற சூடும் பிறகு குளிரும் மாறிமாறி வருவதால் சரிப்படாது, ராத்திரி முழுக்க ஒரே சூடு வேண்டும் என்று விளக்கினேன்.

சரோஜா ஹீட்டரைப் பார்த்தார்.

“இதுல அந்தச் சூடு வருங்களா?”

“பிளாக் இன்னும் நல்லாவே சுடுங்க. பானட் மூடியிருந்தா உள்ள காத்து முப்பதுகிட்ட நிக்கும்.”

“ராத்திரி பூராவுமா?”

“வயர மாட்டியிருக்கற வரைக்கும்.”

“ஓ” என்றார் சரோஜா. தொழில்நுட்பத்தில் ஒருவருக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு மகிழ்ச்சி. டீ கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

3. நல்ல காலம்

ஸ்டார்ட் செய்ய இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் மாட்டினால் போதும். ஆனால் அந்த நேரத்தில் குப்பண்ணன் வாழவந்தியில் போர்வைக்குள் இருப்பார். டைமர் ஒன்று வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது சரோஜா முன்வந்தார்.

“சாயங்காலம் பஸ்ஸுக்குப் போறப்ப நானே மாட்டிட்டுப் போறனுங்க. காலைல வந்ததும் எல்லாம் சரியா இருக்குதான்னு ஒரு கண்ணு பாத்துக்கறேன். அண்ணனுக்கு எதுக்குச் செரமம்?”

ரேவதி அம்மாவுக்கு நெகிழ்ச்சி. குப்பண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை, பெருமைதான் வந்தது.

“இந்த அம்முணி இப்பல்லாம் எங்கிட்ட நல்லாப் பழகுதுங்க பாய். என்னமோ புத்தி வந்திருக்குது.”

ஜீப் போர்ட்டிகோவில் நின்றது. சாவியைத் திருப்பினால் முதல் கிராங்கிலேயே பிடித்தது. புகையும் பாதியாகக் குறைந்தது. குப்பண்ணன் விடிகாலையில் எனக்குப் போன் போட்டு, வண்டிச் சத்தத்தைக் கேளுங்கள் என்று போனை என்ஜின் பக்கம் நீட்டுவார். “கொழந்தயாட்டம் எந்திரிக்குதுங்க!” ஆளே மாறிவிட்டார். பேட்டரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த வாரத்திலேயே பங்களா இட்லியும் மெதுவானது. புது அரிசி என்றார் ரேவதி அம்மா. தண்ணீர் மாற்றம் என்றார் குப்பண்ணன். எனக்கும் ஒரு நாள் நாலு இட்லி கொடுத்தனுப்பினார் சரோஜா. பஞ்சு. வண்டி முதல் கிராங்கில் எழுந்தது, இட்லி பஞ்சுபோல் இருந்தது என்று இரண்டையும் டைரியில் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தும் எழுதியவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ரேவதி அம்மா மட்டும் அசையவில்லை. “நாலு நாள் நல்லா வந்தா ஆச்சா? புதன்கிழமை வரட்டும்” என்றார்.

4. போன்

புதன்கிழமை. தொழுதுவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்களா போனிலிருந்து சரோஜா.

“பாயண்ணா, மாவு போயிருச்சுங்க.”

“ரொம்பப் புளிச்சுப் போச்சுங்களா?”

“இல்லீங்க. சேலம் போயிருச்சுங்க.”

எனக்குப் புரியவில்லை. அவரும் அழுகைக்கும் பதற்றத்துக்கும் நடுவில் பேசினார். மெல்ல மெல்ல விவரம் வந்தது.

தினமும் சாயங்காலம் குப்பண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்பியதும், சரோஜா பானட்டைத் தூக்குவார். பேட்டரிக்குப் பக்கத்தில் பழைய ஜீப்பில் ஒரு தகரத் தட்டு அகலமாக இருக்கும். அதில் பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய மாவை வைத்து, கிளிப் மூடியைப் பூட்டி, சாக்கு சுற்றி, பானட்டை மூடி, வயரை மாட்டிவிட்டுப் பஸ் ஏறுவார். காலையில் குப்பண்ணன் வருவதற்குள் வந்து எடுத்துவிடுவார். முந்தின நாள் சென்னைக் குடும்பம் வேறு ரயிலுக்கு மாறிவிட்டது, அது சேலத்துக்கு முன்னதாகவே வந்துவிடும். ரேவதி அம்மா அதைக் குப்பண்ணனுக்குச் சொன்னார். சமையலறைக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பால் வண்டியிலிருந்து சரோஜா இறங்கியபோது போர்ட்டிகோவில் வயர் மட்டும் கிடந்தது.

“குப்பண்ணனுக்குப் போன் போட்டீங்களா?”

“காட்டு ரோட்டுல டவர் கெடைக்கலீங்க. அறுவது வயசுக்காரரு இட்லின்னு சொல்லிட்டு வாராருங்க. வேற மாவு ஒரு கரண்டி இல்ல. இன்னைக்கோட எம் பொழப்பு முடிஞ்சுதுங்க.”

எனக்கு மாவைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

“சாக்குன்னீங்களே, ஈரச் சாக்கா, காஞ்ச சாக்கா?”

“மாவு குளுராம இருக்கச் சுத்தறது. ஈரச் சாக்கயா சுத்துவாங்க?”

காய்ந்த சாக்கு, பக்கத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு குடும்பம். ஸ்வெட்டரைக்கூடப் போடாமல் மொபெட்டை எடுத்தேன். பங்களா வாசலில் சரோஜா தயாராக நின்றார். ஒரு கையில் காலித் தூக்கு, மறு கையில் கரண்டி.

“இது எதுக்குங்க?”

“மீதி இருந்தா மாத்திக்கலாமுங்க.”

இறங்கும் வழியெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டே வந்தார். நான் என் பங்குக்கு ஓதிக்கொண்டே ஓட்டினேன். பனிமூட்டமாய்ப் படர்ந்திருந்த மஞ்சில் எதிரே வந்த லாரிக்காரர், கரண்டியோடு ஒரு பெண் மொபெட்டில் பறப்பதைப் பார்த்து ஹாரன் அடிக்கவும் மறந்துவிட்டார்.

5. வளைவு

சேலம் வரை போக வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் நம் ஜீப் ஏறிவந்து நின்றுகொண்டிருந்தது. பானட் இடுக்கில் வெள்ளையாகப் புகை. ரோட்டோரம் ஏழு பேர், சின்னவர் முதல் பெரியவர் வரை குரங்குக் குல்லாவோடு நின்றார்கள். மரத்தில் நிஜக் குரங்குகள் ஒரு கூட்டம், இவர்களைவிட ஆவலாகப் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் மூக்குக்குத் தெரிந்தது தோசை வாசனை.

“டிரைவர், நான் சொன்னா கேளுங்க” என்று பிறந்த நாள்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். “பக்கத்துல எங்கயோ நெய் தோசை ஊத்தறாங்க. நாலு வளைவா வாசனை கூடவே வருது.”

“இந்தப் பக்கம் ஓட்டலே கெடையாதுங்க சார்.”

“அப்ப இந்த வாசனை?”

“அதாங்க எனக்கும் தெரியல. டீசல் வாசம் தெரியும், பிரேக் லைனிங் கருகற வாசம் தெரியும். இது நான் பாக்காத கம்ப்ளெய்ன்ட்டு.” என்னைப் பார்த்ததும் குரல் உயர்ந்தது. “வந்துட்டாருங்க மெக்கானிக்கு! பாய், உங்க ஹீட்டரு வெடிச்சிருச்சு. கனடாச் சாமானு வேண்டாமுன்னு அன்னைக்கே சொன்னேன்.”

அவர் சொன்னதாக என் டைரியில் இல்லை. இருந்தாலும் விவாதிக்க நேரமில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கினேன்.

வளைவுகளில் தூக்கு நகர்ந்து மேனிஃபோல்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. நல்ல வேளை, சாக்கு எதிர்ப்பக்கம் நழுவியிருந்தது, ஓரத்தில் மட்டும் தீய்ந்திருந்தது. முதலில் அதை உருவி எறிந்தேன். மாவு ராத்திரி அருமையாகப் பொங்கியிருக்கிறது. ஏற்றத்தில் என்ஜின் சூடேறியதும் மூடி இடுக்கில் வழிந்து, மேனிஃபோல்டில் விழுந்து, சுருண்டு சுருண்டு பொன்னிறமாக முறுகிக் கிடந்தது. நான் பார்த்ததிலேயே நீளமான தோசை அது.

குப்பண்ணன் தூக்கைப் பார்த்தார். மொபெட்டிலிருந்து இறங்கிய சரோஜாவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

“அம்முணி, நீ எங்க இங்க?”

“மாவெடுக்க வந்தனுங்ணா” என்றார் சரோஜா, பால் வாங்க வந்தவர்போல.

நான் தூக்கை இறக்கி ஒரு கல்மேல் வைத்து, கிளிப்புகளை நெம்பி மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே மாவு இல்லை. தூக்கின் அளவுக்கு, தூக்கின் வடிவத்தில், ஒரே ஒரு இட்லி இருந்தது. மேலே குவிந்து, வெள்ளை வெளேரென்று, நடுவில் லேசாக வெடித்து. சேலம் போய் வந்த நேரம் முழுக்க மூடிய தூக்குக்குள் அது பக்குவமாக வெந்திருக்கிறது.

ஏழு குல்லாக்களும் தூக்கின்மேல் குனிந்தன. குரங்குகளும் ஒரு கிளை கீழே இறங்கின.

பிறந்த நாள்காரரின் மனைவி கைகளைச் சேர்த்துக்கொண்டார். “அய்யோ, இது கேக்கா? அவருக்காக இட்லியில கேக்கா? இதுதான் சர்ப்ரைஸா?”

சரோஜா கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குப்பண்ணன் தாடையைச் சொறிந்தார். உண்மையைச் சொன்னால் சரோஜாவின் வேலை போகும். பானட்டைத் தூக்கிப் பார்க்காமல் ஏன் வண்டியை எடுத்தாய் என்ற கேள்வியும் தன்னைத் தேடி வரும். இரண்டையும் அவர் நிறுத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“ஆமாங்க சார்” என்றார் குப்பண்ணன். “எங்க எஸ்டேட்டு வழக்கமுங்க. அறுவது ஆனவங்களுக்கு வண்டியிலயே அவிச்சுக் குடுக்கறது.”

நான் குனிந்து ஃபேன் பெல்ட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

சரோஜா காலித் தூக்கின் மூடியில் அந்த இட்லியைக் கவிழ்த்தார். கரண்டிக் காம்பால் ஓரத்தையும் மேல் தோலையும் வெட்டி நீக்கச் சொன்னேன், புகை பட்டிருக்கும். நீக்கியதைக் குரங்குகள் பொறுப்பேற்றுக்கொண்டன. மிச்சம் கேக் அளவுக்கு இருந்தது. பேத்தி தன் பையிலிருந்து ரயிலில் மீந்த ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துத் தந்தாள். பிறந்த நாள்காரர் குல்லாவைக் கழற்றிவிட்டு, கரண்டிக் காம்பால் இட்லியை வெட்டினார். மஞ்சுக்குள் ஏழு பேர் கை தட்டிப் பாடினார்கள். இறங்கிப் போன ஒரு பஸ்ஸும் நின்று பார்த்துவிட்டுப் போனது.

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடினார். சரோஜா அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்திருந்தார்.

“என் ஆயுசுலயே இப்படி ஒரு இட்லி சாப்பிட்டதில்லம்மா” என்றார் அவர்.

6. அதன்பிறகு

ஊறுகாயோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கலாம். சரோஜா முடியவிடவில்லை. பங்களா வந்ததும் நேராக ரேவதி அம்மாவிடம் போய், தூக்கு, சாக்கு, பானட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஹீட்டர் வயரைச் சரிபார்க்கும் சாக்கில் நானும் அங்கே இருந்தேன்.

“சாக்கு பத்திக்கிட்டிருந்தா?” என்றார் ரேவதி அம்மா.

“தப்புதானுங்க.”

“நாளைக்குக் காலைல பேசிக்கலாம்.”

மறுநாள் காலை டைமர் பொருத்துவதற்காக வந்து வயரைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு டவுன் ஓட்டல் இட்லி வந்திருந்தது. வட்டமாக, வரிசையாக, ஒன்றுபோல் ஒன்று. சென்னைக் குடும்பம் தட்டைப் பார்த்தது, ஒருவரை ஒருவர் பார்த்தது. பிறந்த நாள்காரர் ரேவதி அம்மாவைக் கூப்பிட்டார்.

“நேத்து வண்டியில அவிச்ச இட்லி இன்னைக்கு இல்லையா?”

ரேவதி அம்மா சமையலறை வாசலுக்கு வந்தார். சரோஜா தன் பையைக் கட்டி மேடைமேல் வைத்திருந்தார்.

“அதே இட்லி வேணுமாம். செய்ய முடியுமா?”

சரோஜா யோசித்தார். “செய்யலாமுங்க. ஆனா ஜீப்ப ஒருக்காச் சேலம் வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லோணும்.”

ரேவதி அம்மா சிரித்த சத்தத்தில் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு விருந்தினர் எழுந்து நின்றார். பையை அவிழ்த்து வை என்று ரேவதி அம்மாவே அதை மேடையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். டவுன் ஓட்டல் பேச்சு அதோடு நின்றது. குப்பண்ணனுக்கு மட்டும் ஒரு உத்தரவு: தினமும் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும்.

நான் ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே தகரம் அடித்து, குறைந்த வாட்டில் குண்டு பல்பு ஒன்றும், முப்பது டிகிரியில் பல்பை அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்றும் மாட்டிச் சமையலறையில் வைத்தேன். ஜீப்பின் ஹீட்டருக்கு டைமர் போட்டேன். மாவும் வண்டியும் அன்றிலிருந்து தனித்தனியாக எழுந்துகொள்கின்றன.

தம்பிகளுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஒரு சாமானை மாட்டிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய், அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். குளிர் காலத்தில் மலையில் சூடான இடம் எதுவும் சும்மா இருக்காது.

நானும் அப்படியே அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பல்பு சரியாக எரிந்தது. தெர்மோஸ்டாட் அதைச் சரியாக அணைத்தது. தூக்குக்குப் பக்கத்தில் குப்பண்ணனின் கம்பளி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.